பிரெட் மேக்கருக்குக் குளிரவைக்கத் தெரியாது

மாவைப் போடுங்கள், தண்ணீரை ஊற்றுங்கள், பொத்தானை அழுத்துங்கள், நாலு மணி நேரத்தில் சுடச்சுட பிரெட். பிரெட் மேக்கர் விற்கிற எல்லோரும் சொல்வது இதைத்தான். வாங்கியவர்களில் ஒரு சாரார், சொன்னபடியே நடக்கிறது என்பார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை அடர்ந்து கனத்த ரொட்டி, மறு தடவை நடுவில் குழிந்த ரொட்டி, அதற்கடுத்து ஓரமெல்லாம் வெந்து உள்ளே பிசுபிசுக்கும் ரொட்டி என்று பார்த்துவிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்பார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே மாடல் இருந்திருக்கக்கூடும். கடையில் நிற்கும்போது நம் கண் போவது எத்தனை புரோகிராம், எத்தனை வாட், ஜாம் காய்ச்சுமா, தயிர் உறையவைக்குமா என்பதில்தான். அதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி வேறு ஒன்று உண்டு. இந்தப் பெட்டி எந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது, எதை நம் தலையில் விட்டுவிடுகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது, வாங்கத்தான் வேண்டுமா என்ற மூன்றுக்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும்.

வீட்டு பிரெட் மேக்கர் பிறந்த இடம் ஜப்பான். பின்னாளில் பானாசோனிக் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒசாகாவின் மாட்சுஷிட்டா நிறுவனம், 1987 பிப்ரவரியில் தன் ‘ஹோம் பேக்கரி’யைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டி உருவான கதை மேலாண்மைப் படிப்பில் புகழ்பெற்றது. முதலில் செய்து பார்த்த மாதிரிகளில் மாவு சரியாகப் பிசையப்படவில்லை. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. அந்தக் குழுவிலிருந்த இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர், அந்த நகரத்திலேயே நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகினார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்த அசைவை எட்டுவதற்காகப் பாத்திரத்தின் உட்சுவரில் சிறு விலா எலும்புகள் போன்ற மேடுகள் வைக்கப்பட்டன. இகுஜிரோ நோனகா 1991-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ கட்டுரையிலும், 1995-இல் ஹிரோடகா டகேயுச்சியுடன் எழுதிய நூலிலும் இதைச் சொன்ன பிறகு, கைப்பழக்கத்தில் மட்டுமே இருந்த அறிவை இயந்திரத்துக்குள் ஏற்றிவிட முடியும் என்பதற்கு இதுவே நிலையான உதாரணமாகிவிட்டது.

அந்த நூலில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தி இருக்கிறது. நம் சமையலறைக்கு வேண்டியது அதுதான். தொடக்க வடிவமைப்பில் குளிரூட்டும் அமைப்பு ஒன்று இருந்தது. ஈஸ்ட் கலந்த மாவு ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் மிதமிஞ்சிப் புளித்துக் கெட்டுவிடும் என்பதால் அதை வைத்திருந்தார்கள். ஆனால் பெட்டியின் விலையை ஏற்றியதே அந்தக் குளிரூட்டிதான். விலையை இறக்கியாக வேண்டும் என்றபோது அதைக் கழற்றிவிட்டு ஒரு தந்திரம் செய்தார்கள்: ஈஸ்ட்டை முதலிலேயே மாவோடு சேர்க்காமல், பிசைதல் பாதி நடந்த பிறகு மேலிருந்து விழும்படி வைத்தார்கள். ஈஸ்ட் வேலை செய்யும் நேரம் குறைந்தது, புளிப்பும் கட்டுக்குள் நின்றது. ஜப்பானின் கோடைக்கு அது போதும். மதுரையின் சித்திரைக்கும் யாழ்ப்பாணத்துப் பங்குனிக்கும் போதுமா என்று அன்றைக்கு யாரும் யோசித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்கு விற்கிற வீட்டுப் பெட்டிகளிலும் சூடேற்றும் கம்பி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, வெப்ப உணரி இருக்கிறது, குளிரூட்டி இல்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற கதைக்கு வந்த மறுப்பைப் பார்ப்போம். ரோட்ரிகோ ரிபெய்ரோவும் ஹாரி காலின்ஸும் 2007-இல் ஆர்கனைசேஷன் ஸ்டடீஸ் என்ற ஆய்விதழில் இதே இயந்திரத்தை எடுத்துக்கொண்டு எழுதினார்கள். ரொட்டிக்காரரின் அறிவு பெட்டிக்குள் குடியேறவில்லை என்பது அவர்கள் வாதம். பெட்டி சில அசைவுகளை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிறது, அவ்வளவுதான். ரொட்டிக்காரர் செய்துவந்த மற்ற வேலைகளைப் பயன்படுத்துகிறவர்கள் தம்மை அறியாமலே நிரப்பிக்கொடுக்கிறார்கள். பரணுக்குப் போன பெட்டிகளை வைத்துப் பார்த்தால் இவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. தமிழ் வீடுகளுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. வெட் கிரைண்டர் வந்து தோள்வலியைப் போக்கியது. ஆனால் எந்த அரிசிக்கு எவ்வளவு உளுந்து, எத்தனை தண்ணீர், மார்கழியில் மாவுப் பாத்திரத்தை எங்கே மூடிவைப்பது, சித்திரையில் எத்தனை மணிக்கு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவது என்பதெல்லாம் இன்றைக்கும் அரைக்கிறவர் பொறுப்பில்தான் இருக்கிறது. இட்லி கல்லாகிப் போனால் கிரைண்டரைக் குறை சொல்வதில்லை. பிரெட் மேக்கரும் அந்த இனம்தான். கை உழைப்பையும் நேரம் பார்ப்பதையும் அது எடுத்துக்கொள்கிறது. மாவின் தன்மையை அறிவதும் வானிலையை அறிவதும் நம்மிடமே நிற்கின்றன.

வானிலையை முதலில் எடுத்துக்கொள்வோம், இங்கே ஆகும் பழுதில் பெரும்பங்கு அதனால்தான். ரொட்டிக்காரர்கள் பிசைந்து முடித்த மாவு 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் போகப்போக ஈஸ்ட் வேகமெடுக்கும். மாவின் பசைத்தன்மை வலுப்பெறுவதற்கு முன்பே வாயு நிரம்பும். பெட்டியோ கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறது. இத்தனை நிமிடம் பிசை, இத்தனை நிமிடம் ஊறவை, இத்தனை நிமிடம் உப்பவிடு, பிறகு சுடு என்பதுதான் அதற்குத் தெரிந்த பாடம். மாவு அரை மணி நேரம் முன்பே உப்பி முடித்துத் தளர ஆரம்பித்திருந்தாலும், குறித்த நேரம் வரும்வரை அடுப்பு பற்றாது. பற்றியதும் உள்ளே தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உச்சி அமுங்கிவிடும். குளிர் நாட்டில் மாவு சோம்பிக் கிடந்தால் பெட்டி மெல்லச் சூடேற்றிக் கொடுக்கும். சென்னை மே மாதத்தில் அதே பெட்டி கைகட்டி நிற்கும்.

இதைச் சரிக்கட்ட ரொட்டிக்காரர்களிடம் ஒரு பழைய மனக்கணக்கு உண்டு. வேண்டிய மாவு வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் வெப்பம், உலர் மாவின் வெப்பம், பிசைவதால் ஏறும் வெப்பம் மூன்றையும் கழித்தால், ஊற்ற வேண்டிய தண்ணீரின் வெப்பம் கிடைக்கும். பிசைவதால் ஏறுவது பெட்டிக்குப் பெட்டி மாறும். 8 டிகிரி என்று வைத்துத் தொடங்கலாம். மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால் மூன்றால் பெருக்க 78. சமையலறை 33, டப்பாவிலுள்ள மாவும் 33. கழித்தால் மிச்சம் 12. அதில் 8 போனால் 4. அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற தண்ணீர். இதே கணக்கை டிசம்பர் மாத ஊட்டியில் 15 டிகிரி சமையலறைக்குப் போட்டால் தண்ணீர் 40 டிகிரி வரை போகிறது. பெட்டியோடு வரும் குறிப்புப் புத்தகங்களிலும் மேல்நாட்டுச் செய்முறைகளிலும் வெதுவெதுப்பான தண்ணீர் என்று எழுதியிருப்பது அந்த இரண்டாவது சமையலறைக்காக. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு கோடையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால், முதல் பத்து நிமிடத்திலேயே காரியம் கெட்டுவிடுகிறது. குளிர்ந்த தண்ணீர் மட்டும் போதாத நாட்களில் மாவையும் முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். செய்முறையில் சொன்ன ஈஸ்ட்டில் கால் பங்கைக் குறைத்துவிடலாம். பிசைந்து முடித்ததும் சமையல் வெப்பமானியை மாவுக்குள் செருகிப் பார்த்தால், நம் பெட்டிக்கு அந்த 8 சரியா, கூட்ட வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது மாவு. இங்கே கடையில் கிடைக்கும் மைதாவில் புரதம் பெரும்பாலும் 100 கிராமுக்கு 10, 11 கிராம் அளவில் இருக்கும். பாக்கெட்டின் முதுகில் அச்சிட்டிருப்பார்கள். மேல்நாட்டுச் செய்முறைகள் எதிர்பார்க்கும் பிரெட் மாவில் அது 12, 13. புரதம் குறைந்தால் மாவு குடிக்கும் தண்ணீரும் சற்றுக் குறையும். அதே அளவு ஊற்றினால் தொளதொளத்துவிடும். ஆட்டாவின் வழக்கோ நேர் எதிர். கல் சக்கியில் அரைபடும்போது கோதுமையின் மாவுச்சத்துத் துகள்கள் சூட்டிலும் அழுத்தத்திலும் சிதைந்து நிறையத் தண்ணீரை உறிஞ்சும். சப்பாத்தி மெத்தென்று வருவதற்குக் காரணமான இந்தக் குணமே ரொட்டியில் உள்பகுதியைப் பிசுபிசுப்பாக்கும். போதாததற்குத் தவிடு குத்திக் குத்திப் பசைப்புரத (குளூட்டன்) வலையை அறுக்கும். முழு ஆட்டாவில் முதல் ரொட்டியைச் செய்து பார்த்துவிட்டு மெஷின் சரியில்லை என்பவர்கள் ஏராளம். பாதி மைதா, பாதி ஆட்டா என்று தொடங்கித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி. முழு ஆட்டாவுக்குப் போகும்போது எடையில் 70 முதல் 75 சதவீதம் தண்ணீர் தேவைப்படும். மாவும் தண்ணீரும் கலந்தவுடன் பெட்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு தொடங்கினால் தவிடு நனைந்து மென்மையாகும். ராகி, கம்பு மாவுகளில் பசைப்புரதம் கிடையாது என்பதால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. ஜப்பானில் சான்யோ நிறுவனம் 2010-இல் ‘கோபான்’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அரிசியை ஊறவைத்து உள்ளேயே அரைத்து ரொட்டி செய்துவிடும். நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டியது என்று தோன்றும். ஆனால் அதிலும் வழக்கமான செய்முறைக்குக் கோதுமைப் பசைப்புரதத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

மாவின் தன்மை எதுவாக இருந்தாலும் அளப்பது தப்பினால் எல்லாம் தப்பும். கப் கணக்கை நம்பவே கூடாது. டப்பாவுக்குள் கப்பை அழுத்தி அள்ளினால் 150 கிராம் மாவு வரும். கரண்டியால் தளர அள்ளிப்போட்டு வழித்தால் 120 கிராம்தான். மூன்று கப் என்பது ஒரு கையில் 450 கிராம், மறு கையில் 360 கிராம். இரண்டிலும் 260 மில்லி தண்ணீர் ஊற்றினால், முன்னதில் மாவு எடையில் 58 சதவீதம் தண்ணீர், பின்னதில் 72 சதவீதம். ஒன்று வறண்ட உருண்டை, மற்றது களி. இரண்டும் ஒரே செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதன் விளைவு. ஆகவே பிரெட் மேக்கரோடு சேர்த்து வாங்க வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் எடைக்கருவி. அதை வாங்க மனமில்லாதவர் பெட்டியையும் வாங்காமலிருப்பது உத்தமம். கணக்கு சுலபம்: மைதா 400 கிராம், தண்ணீர் 260, உப்பு 7, சர்க்கரை 20, வெண்ணெய் அல்லது எண்ணெய் 20, உலர் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், கடுங்கோடையில் ஈஸ்ட் 3. தண்ணீரை முதலில் ஊற்றுவதா, மாவை முதலில் போடுவதா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் முறை வேறுபடும். பிசைய ஆரம்பிக்கும்வரை ஈஸ்ட் தண்ணீரைத் தொடக்கூடாது, அதுதான் விஷயம்.

பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாத நேரம் ஒன்று உண்டு. முதல் மூன்று நிமிடம் மாவு கிழிந்த துணிபோலத் திட்டுத்திட்டாகச் சுற்றும். மூலைகளில் உலர்மாவு ஒட்டி நிற்கும். சிலிகோன் கரண்டியால் அதை வழித்து உள்ளே தள்ள வேண்டும். எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். பிசையும்போது திறந்தால் எதுவும் கெட்டுவிடாது. வழுவழுப்பான ஒரே உருண்டையாகத் திரண்டு, பாத்திரச் சுவரில் தட் தட்டென்று மோதிச் சுற்றினால் சரி. விரல் நுனியால் தொட்டால் லேசாக ஒட்டிப் பிறகு விட்டுவிட வேண்டும். அடியில் சேறுபோல வழிந்து கிடந்தால் ஒரு டீஸ்பூன் மாவு. உருண்டை இரண்டாகப் பிளந்து, மோட்டார் முனகினால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். போட்டுவிட்டு ஒரு நிமிடமாவது பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த ஸ்பூன். ஆட்டா கலந்திருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். தவிடு மெதுவாகத்தான் குடிக்கும், ஆரம்ப ஒட்டலைப் பார்த்துப் பயந்து மாவை அள்ளிக் கொட்டினால் ரொட்டி விறைத்துவிடும். ஒசாகா ரொட்டிக்காரரின் அறிவில் இயந்திரத்துக்குப் போகாமல் மிஞ்சியவற்றில் இந்தப் பத்து நிமிடமும் ஒன்று.

கடைக்குப் போவோம். பெட்டிக்குள் இருபத்தைந்து புரோகிராம் இருப்பதாக எழுதியிருப்பதில் இருபது வெறும் அலங்காரம். நம் ஊர் வெயிலுக்கு இன்றியமையாத பொத்தான்கள் இரண்டு: மாவு மட்டும் பிசைவது, சுடுவது மட்டும். குளிரூட்டி இல்லாத குறையை இந்த இரண்டும்தான் ஈடுகட்டுகின்றன. மாவு உரிய நேரத்துக்கு முன்பே விளிம்பை எட்டிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை ரத்து செய்துவிட்டு உடனே சுடுவதைத் தொடங்கலாம். மாவு மட்டும் பிசையும் பொத்தான் இருந்தால் பன், பீட்சா என்று எதை வேண்டுமானாலும் உருட்டித் தனியாகச் சுட்டுக்கொள்ளலாம். பிசைவது, உப்புவது, சுடுவது ஒவ்வொன்றின் நிமிடத்தையும் நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீணல்ல. ஈஸ்ட்டைத் தானே உதிர்க்கும் சிறு அறை சில மாடல்களில் உண்டு. அதன் பூர்வகதையைத்தான் மேலே பார்த்தோம். இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுக்க டைமரை நம்புகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் டைமர் வைக்கும்போது பாலும் முட்டையும் ஆகாது, நம் வெப்பத்தில் ஏழெட்டு மணி நேரம் வெளியே கிடந்தால் கெட்டுப்போகும். பால் பவுடர் போட்டுக்கொள்ளலாம். மின்தடை வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் நினைவு எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்குவது பரவாயில்லை.

கொள்ளளவில் பேராசை வேண்டாம். பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காத ஒரு கிலோ ரொட்டியை நாலு பேர் வீட்டில் தீர்ப்பதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். பெரிய பாத்திரத்தில் சிறிய அளவு மாவைப் போட்டால் பிசையும் கத்தி அதை எட்டிப் பிடிக்கத் திணறும். நின்ற வாக்கில் உயரமாக வரும் ரொட்டியா, கடைப் பிரெட்போல நீளவாக்கில் படுத்த ரொட்டியா என்பது ரசனை. நீளப் பாத்திரத்துக்கு இரண்டு கத்திகள் இருப்பது நல்லது, இல்லையென்றால் மூலைகளில் மாவு தங்கும். அடியில் கத்தி விட்டுச்செல்லும் ஓட்டையைத் தவிர்க்க வேண்டுமென்றால், கடைசி முறை உப்புவதற்கு முன் ஈரக்கையால் கத்தியை உருவி எடுத்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, கத்தியும் பாத்திரமும் தனியாக விலைக்குக் கிடைக்குமா என்பது. முதலில் தேய்வது பாத்திரத்தின் பூச்சும் கத்தி மாட்டும் தண்டின் அடைப்பும்தான். அது கிடைக்காவிட்டால் மோட்டார் நன்றாக இருந்தும் பெட்டி குப்பைக்கே. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு சரி. லண்டன், சிங்கப்பூர், துபாய்ப் பெட்டிகளுக்குச் செருகியை மாற்றினால் போதும்.

இந்தியாவில் இந்தப் பெட்டியைச் சப்பாத்தி மாவு பிசைவதற்கென்றும் விற்கிறார்கள். கென்ட் நிறுவனம் தன் தயாரிப்புக்கு வைத்த பெயரிலேயே ஆட்டாவுக்குத்தான் முதல் இடம். 2020 மே மாதம், கொரோனா அச்சம் உச்சத்தில் இருந்தபோது, வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கையில் தொற்று இருக்கலாமே, அவரையா மாவு பிசைய விடுகிறீர்கள் என்ற பொருளில் அந்நிறுவனம் விளம்பரம் வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. அசிங்கமான விளம்பரம்தான். சப்பாத்தி மாவைப் பொறுத்தவரை, தினமும் ஏழெட்டுப் பேருக்குப் பிசைகிற வீட்டுக்கு இது உதவும்; மூன்று பேருக்கான மாவைக் கையால் பிசைந்து முடிக்கும் நேரம் பெட்டியைக் கழுவிக் கவிழ்க்கவே ஆகிவிடும்.

இவ்வளவு பார்க்க வேண்டியிருந்தால் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பார்கள். பணக்கணக்கில் அவர்கள் சொல்வது சரி. 400 கிராம் கடைப் பிரெட் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அதே எடைக்கு மாவு, வெண்ணெய், ஈஸ்ட், அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் எல்லாம் சேர்த்து 35 ஆகும் என்றால் மிச்சம் 15 ரூபாய். 9,000 ரூபாய்ப் பெட்டியின் காசை எடுக்க 600 ரொட்டி சுட வேண்டும். வாரத்துக்கு இரண்டு என்றால் ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் பாத்திரத்தை ஒருமுறையாவது மாற்றியிருப்பார்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று இதை வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

ஆரோக்கியம் என்ற காரணம் சற்று வலுவானது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதம் 38 பிரெட், பன் வகைகளைச் சோதித்து, அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம் இருந்ததாக வெளியிட்டது. அடுத்த மாதமே புரோமேட்டை உணவுச் சேர்மானப் பட்டியலிலிருந்து அரசு நீக்கியது. அன்றைக்கு எழுந்த பயத்தை இன்றைக்கும் காட்டிப் பெட்டி விற்பது முறையல்ல. மைதாவை வீட்டில் சுட்டாலும் அது மைதாதான். உப்பு, சர்க்கரை, கொழுப்பு எவ்வளவு என்பது நம் பிடியில் இருக்கிறது, பாதி ஆட்டா என்றால் உண்மையிலேயே பாதி ஆட்டா என்பது நிச்சயம். லாபம் அந்த அளவுக்குத்தான்.

கடைப் பிரெட்போல மெத்தென்று இல்லையே என்பது அடுத்த குறை. பிரிட்டனின் சோர்லிவுட் ஆய்வகத்தில் 1961-இல் உருவான முறையில், அதிவேக இயந்திரம் சில நிமிடங்களில் மாவை அடித்து முடித்துவிடும். உலகெங்கும் ஆலைப் பிரெட்டை மாற்றியது இந்த வேகமும் அதோடு சேர்க்கும் சேர்மானங்களும்தான். நிதானமாகச் சுழலும் வீட்டுப் பெட்டியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஓரளவு நெருங்க ஒரு வழி உண்டு. 400 கிராம் மாவில் 20 கிராமை எடுத்து, அளந்த தண்ணீரிலிருந்தே 100 மில்லி விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துச் சேர்த்துப் பிசைந்தால், வெந்த மாவு ஈரத்தைப் பிடித்துவைத்து மறுநாளும் ரொட்டியை மிருதுவாக வைத்திருக்கும். வெந்தவுடன் பெட்டியிலேயே விட்டுவைத்தால் ஆவி தேங்கி ஓரம் நமுத்துவிடும். உடனே எடுத்துக் கம்பித்தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மிச்சத்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது தவறு, அந்த வெப்பநிலையில்தான் ரொட்டி வேகமாக விறைக்கும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது நேராக டோஸ்டரில் போடலாம்.

எதிர்வாதங்களில் கனமானது கடைசியில் வருகிறது. பிசையாமலே ரொட்டி செய்ய முடியும் என்பதை நியூயார்க் ரொட்டிக்காரர் ஜிம் லேஹியின் முறை காட்டிவிட்டது. மார்க் பிட்மன் 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகு அது உலகம் சுற்றியது. மாவு, தண்ணீர், உப்பு, கால் டீஸ்பூன் ஈஸ்ட். கலந்து மூடி 12 முதல் 18 மணி நேரம் வைத்தால் பசை வலை தானே பின்னிக்கொள்ளும். பிறகு இயந்திரம் எதற்கு? வாதம் சரியானதுதான். ஆனால் அந்தப் பதினெட்டு மணி நேரம் 21 டிகிரி சமையலறைக்கான கணக்கு. 33 டிகிரியில் பாதி நேரத்திலேயே மாவு புளித்து நீர்த்துவிடும். அதையும் ஃப்ரிட்ஜில் வைத்து, நேரம் பார்த்து எடுத்தாக வேண்டும். அதோடு அது ஓவனையும் கனத்த மூடிப் பாத்திரத்தையும் கேட்கிறது, கிடைப்பதும் மொறுமொறுப்பான நாட்டு ரொட்டி. பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குப் போகும் சாண்ட்விச் பிரெட் அல்ல. நல்ல ஓவன் ஒன்று ஏற்கெனவே இருந்து, மாதத்துக்கு ஒரு முறை ஆசைக்குச் சுடுகிற வீட்டுக்கு பிரெட் மேக்கர் தேவையில்லை என்றே சொல்வேன். ஓவன் இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று ரொட்டி தீரும் வீட்டுக்கு, 600 வாட்டில் பிசைந்து சுட்டும் கொடுக்கிற இந்தப் பெட்டிதான் ஓவன். அந்த வீட்டில் எடைக்கருவியும், ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தாக வேண்டும்.